எல்லாம் என் தப்புதான், தம்பி!



வழக்கமாக இந்தப் பகுதியில் சம்பளம், கூட்டு ஒப்பந்தம், ஒழுகும் கூரை, வராத தண்ணீர் என்று எழுதுவேன். இந்த வாரம் வேறொரு விஷயம். இதற்கும் சம்பளத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பேர் வேண்டாம். அங்கே பால்மரம் வெட்டுகிற ஓர் அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சில மாதங்களுக்கு முன் வேறு வேலையாக அந்தத் தோட்டத்துக்குப் போனவன், அவர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கி, விரல்கள் சரியாக மடங்காமல் இருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"விழுந்துட்டேன் தம்பி."

"எங்க விழுந்தீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விஷயம் வந்தது. பாலைச் சேர்த்து வாளியில் சுமந்து வரும்போது, கால்வாய் மேல் போட்டிருந்த பலகையில் வழுக்கி விழுந்திருக்கிறார். முதல் நாள் ராத்திரி மழை. பலகையில் பாசி. கூட வந்த இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். மகன் மோட்டார் சைக்கிளில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் கேட்டபோது இந்த அக்கா சொன்ன பதில் என்ன தெரியுமா? "வீட்டுல, குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன்." கார்டில் அப்படியே எழுதிவிட்டார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. சம்பளத்தோடு கிடைக்கும் மருத்துவ விடுப்பு நாள்கள் தீர்ந்தன. மிச்ச நாள்களுக்குக் கையில் ஒரு வெள்ளி வரவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலையில விழுந்துட்டு ஏன்க்கா வீட்டுல விழுந்தேன்னு சொன்னீங்க?"

"என்னத்த தம்பி சொல்றது? எல்லாம் என் தப்புதான். பூட்சு போட்டுட்டு வரச் சொல்லி மண்டோர் எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு. நான் பழைய சிலிப்பரோட போனேன். பாலும் கொட்டிப் போச்சு. ஆபீசுல போய் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது? நான் சின்ன வயசுலேருந்தே ஒரு தத்தி தம்பி. எங்கம்மாவே அப்படித்தான் சொல்லும்."

தோழர்களே, இந்த வார்த்தைகளை நான் எத்தனை தோட்டங்களில், எத்தனை வாய்களில் கேட்டிருக்கிறேன்! "எனக்கு என்னங்க தெரியும், நான் படிக்காதவன்." "நமக்கு அவ்வளவுதான் புத்தி." "நான் ஒரு முட்டாள், கையெழுத்து போட்டுட்டேன்." "பிள்ளைங்க படிக்கலன்னா அது என் வளர்ப்பு சரியில்ல." நம்மவர்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ளும் அளவுக்கு எந்தத் துரையும் எந்தக் கிராணியும் நம்மைத் திட்டியிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சொக்சோ சட்டம் 1969-ல் வந்தது. 1971-ல் நடைமுறைக்கு வந்தது. வேலையிட விபத்து என்றால் அந்தச் சட்டம் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: காயம் வேலையில், வேலை காரணமாக ஏற்பட்டதா? விழுந்தவர் கவனமாக இருந்தாரா, தத்தியா, கெட்டிக்காரரா என்று பார்த்து அது பணம் கொடுப்பதில்லை. முதலாளியின் கட்டளையை மீறியிருந்தால்கூட, அவருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நடந்தது என்றால், அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவிடுவதில்லை. குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால் தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை உண்டு. சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. கை பழையபடி மடங்காமலே போய்விட்டால் அதற்குத் தனியாக மதிப்பீடு உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

ஆக, நாடாளுமன்றத்தில் சட்டம் எழுதியவர்கள் அந்த அக்காவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவரே ஏறி நின்றுகொண்டார். அவரே வழக்கறிஞர், அவரே நீதிபதி. தண்டனையும் அவரே போட்டுக்கொண்டார். பலகையில் பாசியை வளரவிட்டது யார், அந்தப் பலகைக்கு ஏன் ஒரு கைப்பிடிக் கம்புகூட இல்லை என்று அந்த வழக்கில் யாருமே கேட்கவில்லை.

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது?

பிறவியில் வந்தது என்று நான் நம்ப மாட்டேன். இது பழக்கிக் கொடுத்தது. 1920-களின் கடைசியில் அரசாங்கம் தோட்டத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் நிர்ணயித்தபோது ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றது. அதே மரம், அதே உளி, அதே மழை. பத்துக் காசு குறைவு என்றால் நீ பத்துக் காசு குறைவானவள் என்று அர்த்தம். இதைத் தினமும் கேட்டு வளர்ந்த பெண், தன் மகளை எப்படி வளர்ப்பாள்? விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நின்று, நாலு பேர் முன்னால் வசவு வாங்கிய தகப்பன், வீட்டுக்கு வந்து மகனை எந்த வார்த்தையால் திட்டுவான்? காலையில் வாங்கியதைத்தானே மாலையில் கொடுப்பான்? கங்காணி ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய முறை 1938-ல் நின்றுபோனது. ஆனால் ஒரு கங்காணி நம் மனசுக்குள்ளே வந்து குடியேறிவிட்டான். அவனுக்குப் பெரட்டு நேரம் இல்லை, ஓய்வு நாள் இல்லை. ராத்திரி பாயில் படுத்த பிறகும் பேர் கூப்பிடுகிறான்.

அந்தக் காலத்தில் தோட்டத்துச் சாலையில் நம் ஆள் சைக்கிளில் போகும்போது எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்ததே, ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்றார்களே, அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சம்பள உயர்வு இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது. கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருக்கிறது. நடுவிலே, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருக்கிறது! வயிற்றுக்கில்லாத மனிதன் சைக்கிளைப் பற்றி ஏன் பேசினான்? இறங்கி நின்றவனுக்குத்தான் அது தெரியும். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவ்வளவு விலை கொடுத்து அவர்கள் இறங்க மறுத்த சைக்கிளிலிருந்து நாம் இன்றைக்குத் துரையே இல்லாத சாலையில் நாமாக இறங்கி நிற்கிறோம்.

இங்கே எங்கள் ஆள்களையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சங்கக் கூட்டமாகட்டும், கோயில் திருவிழாவாகட்டும், பள்ளி விளையாட்டுப் போட்டியாகட்டும், மேடை ஏறும் தலைவர்கள் என்ன பேசுகிறார்கள்? "நம்மவர்களிடம் ஒற்றுமை இல்லை. குடிக்கிறார்கள். பிள்ளைகளைக் கவனிப்பதில்லை." பிறகு அந்த நண்டுக் கதை. ஒரு நண்டு மேலே ஏறினால் மற்ற நண்டு காலைப் பிடித்து இழுக்குமாம், அதனால் நம்மவர் வாளிக்கு மூடி வேண்டாமாம். ஜனங்களும் சிரித்துக் கை தட்டுகிறார்கள். நானும் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன்தான். ஒரு முறை இரண்டு முறை அல்ல. இப்போது சொல்வதில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நண்டு என்று சொல்வதற்கு ஒலிபெருக்கி எதற்கு? வீட்டில் யாரும் இல்லாதபோதே அவர் அதைத் தனக்குச் சொல்லிக்கொள்கிறார். குடியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிக்கிறவன் தன்னைக் கேவலமாக நினைத்துத்தான் முக்கால்வாசி குடிக்கிறான். அவனை இன்னும் கொஞ்சம் கேவலப்படுத்தினால் நிறுத்துவான் என்று நினைப்பது எந்த ஊர் வைத்தியம்?

மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் நியாயமில்லை. என் கதையையும் சொல்கிறேன்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது, மலாய்மொழி போதாது என்று புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வைத்தார்கள். என் வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு மேலே, நான் கீழே. அந்த ஒரு வருஷம் இன்னும் எனக்குள் முடியவில்லை. இன்றைக்கும் அரசாங்க இலாகாவுக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதினால், நாலு தடவை எழுதி நாலு தடவை கிழிப்பேன். யாராவது அதிகாரி படித்துச் சிரிப்பார் என்று மனசுக்குள் கங்காணி சொல்லிக்கொண்டே இருப்பான்.

சுமார் பத்து வருஷங்களுக்கு முன், செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் ஒருவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பழுக்காத குலையை அறுத்தார் என்று குற்றச்சாட்டு. முறையான விசாரணை இல்லை. நல்ல வழக்கு. 1967-ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டப்படி, வேலை நீக்கம் செய்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். 61-ஆம் நாள் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். அவர் என்னிடம் நல்ல நேரத்தில்தான் வந்தார். நான் எழுதினேன், கிழித்தேன். இந்த வரி சரியில்லை, அந்தச் சொல் சரியில்லை என்று திருத்திக்கொண்டே இருந்தேன். நடுவில் வேறு தோட்டத்தில் பிரச்சினை, அங்கே ஓடினேன். மனுவை எடுத்துக்கொண்டு இலாகா வாசலில் நின்றபோது 63-ஆம் நாள்.

மூன்று நாள். இலக்கணப் பிழையோடு கொடுத்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிழையில்லாத மனு இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். என்னை நானே கொன்றுகொண்டேன். சோறு இறங்கவில்லை. நீ ஒரு செயலாளனா, உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டுக்கொண்டேன். அந்த மனிதர் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் இரண்டு வருஷம் அந்தத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. வேறு பாதை சுற்றிப் போவேன். இப்படி வருந்துவதே நான் நல்லவன் என்பதற்கு அத்தாட்சி என்றுகூட உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

ஒரு நாள் ஒரு சாவு வீட்டில் அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சொன்னது இது:

"தம்பி, கேஸ் போச்சு, சரி. மனுஷன்னா தவறும். ஆனா நீ ஏன் அதுக்கப்புறம் வராமப் போன? வீட்டக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாங்க, யாரக் கேக்கிறதுன்னு தெரியல. சேமநிதிப் பணம் எடுக்க பாரம் நிரப்பத் தெரியல. எவனோ ஒருத்தன் நூறு வெள்ளி வாங்கிக்கிட்டு நிரப்பிக் கொடுத்தான். நீ வருவேன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தோம்."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் தவறால் அவருக்குப் போனது ஒரு வழக்கு. என்னையே நான் திட்டிக்கொண்டு ஒளிந்ததால் அவருக்கு இரண்டு வருஷம் ஆளில்லாமல் போனது. இதில் எது பெரிய தவறு? என் சோறு இறங்காததால் அவருக்கு என்ன லாபம்? ஒரு பாரம்கூட நிரம்பவில்லை.

ஆகவே, "எல்லாம் என் தப்பு" என்று சொல்வது அடக்கம் என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது ஓடி ஒளிவதற்கு ஒரு வழி. இதற்கு நேர் எதிராக, எல்லாம் முதலாளி தப்பு, அரசாங்கத்தின் தப்பு, எனக்கு ஒன்றுமே சம்பந்தமில்லை என்று மார் தட்டுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு சேரச் சொல்லவில்லை. அக்கா சிலிப்பர் போட்டது தவறுதான். நான் நாளைத் தள்ளியது தவறுதான். அந்தத் தவறுக்கு உள்ள அளவு அவ்வளவுதான். அதை வைத்து முழு மனுஷியையும் தத்தி என்று கணக்கு எழுத முடியாது.

பால் வெட்டுகிறவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஐந்நூறு மரம். மேலே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும் வெட்டு. ஒவ்வொரு தடவையும் சீவுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கூடினால் பட்டை வீண். குறைந்தால் பால் வராது. இன்னும் கொஞ்சம் ஆழமாக உளி இறங்கினால் மரத்தில் காயம். அந்தத் தோலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை அளவுகோல் இல்லாமல் கையிலேயே வைத்திருக்கிறவர், "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்கிறார்! இதைக் கற்க ஒரு படித்த பையனை அனுப்பிப் பாருங்கள், எத்தனை மரத்தைக் காயப்படுத்திவிட்டு வருவான் என்று தெரியும்.

அந்த அக்காவிடம் நான் கேட்டேன்: "உங்க உளியில காயம் பட்ட மரத்த என்னக்கா செய்வீங்க?"

"என்ன செய்றது? காயம் ஆறும். புதுப் பட்டை கொஞ்சம் முண்டும் முடிச்சுமா வரும். அடுத்த சுத்துல அந்த எடத்துல பாத்து வெட்டணும்."

"மரத்தையே திட்டிக்கிட்டு நிப்பீங்களா?"

சிரித்துவிட்டார். ஆனால் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது வருஷப் பழக்கம். மனு எழுதலாம் என்று நான் சொன்னதும், "வேணாம் தம்பி, ஆபீசுல எல்லாரும் என்னப் பத்தி என்ன நெனைப்பாங்க" என்றார். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை போனபோது, அவருடைய மருமகள்தான் ஒரு போடு போட்டாள்: "அத்தை, நான் விழுந்து கையொடச்சிருந்தா என்னை இப்படித் திட்டியிருப்பீங்களா?" அத்தை வாயடைத்துப் போனார். நானும் இத்தனை வருஷம் மேடையில் பேசியதை அந்தப் பெண் சமையற்கட்டிலிருந்து ஒரே வரியில் முடித்துவிட்டாளே என்று நினைத்தேன். இப்போது என் மனசு என்னைத் திட்டத் தொடங்கினால் அவள் கேட்ட கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இதே தவறை வேறொரு செயலாளர் செய்திருந்தால் அவரிடம் என்ன சொல்வேன்? "போய் அந்த மனுஷனப் பாருய்யா" என்றுதானே சொல்வேன்.

தோட்டத்தைவிட்டுப் போய் பட்டணத்து அடுக்குமாடியில் இருப்பவர்களும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள் என்று தெரியும். பாதுகாவலர் வேலையிலும் தொழிற்சாலையிலும் இருப்பவர்களே, லாரியில் சாமான் ஏற்றியபோது அந்தக் கங்காணியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனீர்களா என்று பாருங்கள். உங்கள் பிள்ளை பரீட்சையில் இரண்டு பாடம் தவறினால் வீட்டில் என்ன வார்த்தை வருகிறது என்பதைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

விபத்து விஷயத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள். விழுந்தால், அடிபட்டால், அன்றைக்கே ஆபீசில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கார்டில் எழுதிய ஒரு வரியை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வழக்கில் பார்த்துவிட்டேன். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. பார்த்தவர்கள் யார் யார் என்று பேர் குறித்துவையுங்கள்.

மூன்றாம் தடவை போன அன்று அக்கா உட்கார்ந்து வாக்குமூலம் சொன்னார். பார்த்த இருவரும் வந்தார்கள். ஒருவர் இந்தோனேசியத் தொழிலாளி, தயங்காமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். மழை, பலகை, பாசி, வாளி. "போதும்க்கா" என்று பேனாவை மூடினேன்.

"இரு தம்பி. சிலிப்பர் போட்டிருந்தேன்னும் எழுது."

"அது அவசியமில்லக்கா."

"எழுது. நடந்தது அதுதானே. ஆஸ்பத்திரியில வீட்டுல விழுந்தேன்னு மாத்திச் சொன்னதையும் எழுது."

"ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு கேப்பாங்களே, என்ன எழுதட்டும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பயந்துட்டேன்னு எழுது."

எழுதினேன். விரல் மடங்காததால் கையெழுத்து கோணலாக வந்தது. வேறு தாள் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதுவும் என் கையெழுத்துதான் என்று தள்ளிக் கொடுத்துவிட்டார்.

மனு போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கார்டை வைத்து இழுத்தடிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். முடிவு எதுவானாலும் இந்தப் பகுதியில் எழுதுகிறேன்.